வழியில் ஒரு சந்திப்பு: திருத்துறைப்பூண்டி

பூண்டி என்னும் பெயருடைய ஊர்கள் தமிழ்நாட்டில் பல உள்ளன. சென்னை நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கம் ஒருபுறம். தஞ்சையை அடுத்துக் கல்லூரியால் பெயர் பெற்ற பூண்டி ஒருபுறம். இவற்றினும் மேலாக, நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் நாவில் எந்நேரமும் இருப்பது திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள பூண்டி மாதா திருத்தலம். 1999-இல் பேராலய நிலைக்கு உயர்த்தப்பட்ட அத்திருத்தலத்தை நாடி வெளிமாநிலங்களிலிருந்து வருவோருள் சிலர், பயணச்சீட்டில் 'பூண்டி' என்ற ஈற்றைக் கண்டவுடனே திருத்துறைப்பூண்டிக்குச் சீட்டு வாங்கிவிடுகின்றனர். இரண்டுக்கும் இடையே தஞ்சை நகரமே குறுக்கே நிற்கிறது. ஒன்று மேற்கே, மற்றொன்று கடலோரத்தை ஒட்டித் தென்கிழக்கே. ஆகவே முதலிலேயே சொல்லி வைக்கிறோம்: பூண்டி மாதாவைத் தரிசிக்க விரும்புவோர் தஞ்சையிலேயே இறங்கித் திருக்காட்டுப்பள்ளிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். வேளாங்கண்ணிக்கோ, வேதாரணியத்துக்கோ, முத்துப்பேட்டைக்கோ செல்வோர்க்கு உரிய ஊர்தான் நாம் இங்கு எழுதப்போகும் திருத்துறைப்பூண்டி.

முள்ளியாற்றங்கரையில் அமைந்த இந்நகரம் இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சார்ந்தது. ஒன்றாயிருந்த தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகை மாவட்டமும், அதிலிருந்து 1997-இல் திருவாரூர் மாவட்டமும் பிரிந்தன. சுற்றிலும் வயல். மருந்தீசர் கோயிலும் கடைவீதியும் நெல் வணிகமும் நகருக்குச் சிறப்பு. வெளியூரார் இங்கே பல நாள் தங்கிப் பார்ப்பதற்கு என்று அதிகமில்லை என்பது உண்மையே. ஆயினும் காவிரிப் படுகையின் தென்கோடிக்குச் செல்லும் எவரும் இவ்வூரைத் தொடாமற் செல்லல் அரிது. வடக்கே திருவாரூர், மேற்கே மன்னார்குடி, தெற்கே முத்துப்பேட்டை, தென்கிழக்கே வேதாரணியம், வடகிழக்கே வேளாங்கண்ணியும் நாகையும் என ஐந்து வழிகள் இங்குக் கூடுகின்றன. சந்திப்பு ஊர்களின் தலைவிதியே இதுதான்: எல்லாரும் வருவர், எவரும் தங்கார். வண்டி மாறுவதற்காகக் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தை வைத்தே ஊரைப்பற்றி முடிவு கட்டிவிடுவர்.

இரயில் வந்த கதை

இந்நகரத்து இருப்புப்பாதையின் வரலாறு நம் வாசகர்கள் அறிந்திருக்கத் தக்கது. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரையிலான மீட்டர் பாதை 1894-இல் திறக்கப்பட்டது. பாதை போட்ட பணம் பெருங்கம்பெனி ஒன்றின் மூலதனமன்று. தஞ்சை ஜில்லா போர்டின் பணம். நிலவரியோடு சேர்த்து ரூபாய்க்கு இத்தனை பைசா என்று மிராசுதாரரும் சிறு உழவரும் செலுத்திய தீர்வையிலிருந்து அது திரட்டப்பட்டது. ஒரு மாவட்டத்து மக்களே தம் பணத்தில் இரயில் போட்டுக்கொண்டார்கள் என்பது அந்நாளில் பெருவியப்பு. பின்னர் அப்பாதை தெற்கே அறந்தாங்கிக்கும், அதற்கும் பிற்பாடு காரைக்குடிக்கும் நீண்டது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியத்திற்கும் கோடிக்கரைக்குமாக ஒரு கிளை பிரிந்தது. உப்பும் நெல்லும் புகையிலையும் மீனும் இக்கிளையில் ஏறி இறங்கின. சென்னையிலிருந்து காரைக்குடி செல்லும் கம்பன் எக்ஸ்பிரஸ் இவ்வழியே ஓடிய நாள்களை இன்றும் முதியோர் ஏக்கத்தோடு பேசுவதைக் கேட்கலாம்.

பிறகு அகலப்பாதை என்ற நன்மை வந்தது. அந்த நன்மை வருமுன் ஒரு நீண்ட வறட்சியும் வந்தது. வேதாரணியக் கிளையில் வண்டிகள் முன்பே நின்றுவிட்டன. 2012-இல் திருவாரூர்ப் பட்டுக்கோட்டைப் பிரிவும் பணிக்காக மூடப்பட்டது. பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் கல்லூரி முடித்து வெளிவரும் காலம் வரை தண்டவாளமின்றி நடைமேடைகள் கிடந்தன. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே 149 கி.மீ. தொலைவிற்கு அகலப்பாதையில் வண்டி ஓடத் தொடங்கிற்று.

அந்த முதல் வண்டியைப்பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். வழியெங்கும் கடவுப்பாதைகள், கதவடைக்கப் போதிய ஆளில்லை. எனவே கதவுக் காவலர்கள் இரயிலிலேயே ஏறி வந்தார்கள். கடவுப்பாதை வந்ததும் வண்டி நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிக் கதவைச் சாத்துவார். வண்டி கடந்து நிற்கும். பின்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். இவ்வாறு காரைக்குடி போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேலாயிற்று. நகைப்புக்கு இடமானதுதான், ஆயினும் ஏழாண்டு காத்திருந்த மக்கள் அதிலும் ஏறினார்கள். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் அதுவும் நின்றது. மறு ஆண்டில் மீண்டது.

இன்றைய நிலை எவ்வளவோ மேல். 2023 ஏப்ரல் 8-ஆம் நாள் திருத்துறைப்பூண்டி அகஸ்தியம்பள்ளி இடையிலான 37 கி.மீ. கிளைப்பாதை, 294 கோடி ரூபாய்ச் செலவில் அகலப்படுத்தப்பட்டுத் திறக்கப்பெற்றது. அதே நாளில் தாம்பரத்திலிருந்து செங்கோட்டைக்கு வாரம் மும்முறை செல்லும் விரைவு வண்டியும் இவ்வழியே விடப்பட்டது. எனினும் சென்னைக்கு நாள்தோறும் ஒரு வண்டி வேண்டும் என்ற வேண்டுகோள் நிறைவேற 2025 வரை பொறுக்க வேண்டியிருந்தது. புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட அவ்வாண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் தொடங்கிய தாம்பரம் இராமேசுவரம் விரைவு வண்டி, விழுப்புரம், சிதம்பரம், மயிலாடுதுறை, திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாகச் செல்கிறது. சென்னையிலிருந்து குடும்பத்தோடு வருவோர்க்கு நாம் முதலில் பரிந்துரைப்பது இதனையே. இடம் கிடைக்காதவர்க்கு மற்றொரு வழியும் உண்டு. 2011 முதல் சென்னையிலிருந்து இரவில் புறப்படும் மன்னை விரைவு வண்டியில் மன்னார்குடிக்கு வந்து, அங்கிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. பேருந்தில் வரலாம்.

கேரளத்து உறவினர் உடையோர்க்கு ஒரு நற்செய்தி: எர்ணாகுளத்திலிருந்து கொல்லம், செங்கோட்டை, விருதுநகர், மானாமதுரை, காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியாக வேளாங்கண்ணி வரை ஒரு விரைவு வண்டி வாரம் இருமுறை ஓடுகிறது. அன்னையின் திருத்தலத்திற்கு மலையாள நாட்டிலிருந்து மாறாமல் வந்துசேர இதைவிட எளிய வழி இல்லை. தென்காசி, இராசபாளையம், சிவகாசிப் பகுதிகளிலுள்ள நம் மக்களும் இவ்வண்டியை அறிந்து வைத்திருப்பது நலம். அவர்களுள் பலர் இன்றும் மதுரைக்கும் திருச்சிக்குமாகப் பேருந்து மாறி மாறி அலைவதைக் காண்கிறோம்.

வானூர்தியில் வருவோர்க்குத் திருச்சியே அண்மையது; அங்கிருந்து இங்கு வர நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம் உண்டு. வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பும் நம் படுகைப் பிள்ளைகளுக்கு இவ்வழி மனப்பாடம்.

பேருந்தும் பிறவும்

தனியார் முதலாளிகளின் பேருந்துகள் இப்பக்கத்துச் சாலைகளை ஆண்ட காலம் ஒன்றிருந்தது. 1972-இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் நிறுவப்பட்டபின் நிலை மாறிற்று. 1997-இல் அப்பெயர் நீங்கி, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டமாயிற்று. வயதில் மூத்தோர் இன்னமும் 'சோழன்' என்றே சொல்லக் கேட்கிறோம். திருவாரூர், மன்னார்குடி, தஞ்சை, நாகை, வேதாரணியம், பட்டுக்கோட்டை ஆகிய ஊர்களுக்குப் பகல் முழுதும் இங்கிருந்து பேருந்து உண்டு. சென்னைக்கு இரவுப் பேருந்துகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தோடு நின்றுவிடும் என்பதை மறவற்க. நகருக்குள் செல்லவேண்டியவர் அங்கிருந்து மாநகரப் பேருந்தையோ மின்சார இரயிலையோ நாட வேண்டும்.

சுற்றுவட்டச் சிற்றூர்களுக்குச் செல்ல நகரப் பேருந்துகளும் சிற்றுந்துகளும் உள்ளன. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வயல் வேலைக்கும் கடைக்கும் செல்லும் தாய்மாருக்கு இதனால் மாதத்தில் மிஞ்சும் தொகை சிறிதன்று. ஆனால் ஊர்விட்டு ஊர் செல்லும் புறநகர்ப் பேருந்துகளுக்கு இச்சலுகை பொருந்தாது. வெளியூர்ச் சகோதரிகள் இதனை அறியாமல் நடத்துநரோடு வழக்காட நேர்கிறது.

இரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் செல்ல ஆட்டோவே வசதி. கட்டணத்தை ஏறுமுன் பேசிக்கொள்க. மூட்டை முடிச்சோடு அதிகாலையில் இறங்கும் பயணி பேரம் பேசும் நிலையில் இருப்பதில்லை. அதனால் இறங்குமுன்பே உடன் பயணம் செய்யும் உள்ளூரார் ஒருவரிடம் உரிய கட்டணம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்வது உத்தமம். படுகை மக்கள் வழி சொல்வதில் தாராளமானவர்கள். சில நேரங்களில் வேண்டியதற்கு மேலும் சொல்வார்கள்.

பருவத்தையும் கருதவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கடுமையாயின் தாழ்ந்த சாலைகளில் நீர் நிற்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், தென்னையும் புளியும் மின்கம்பங்களுமாகச் சாலைகளை மூடிப் பல சிற்றூர்களைத் தனித்தீவுகளாக்கியதை இப்பகுதி மறக்கவில்லை. தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை. அப்போது கிராமச் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். மறுபாதியில் அறுவடை எந்திரமும் டிராக்டரும் வரும். அவசரக்காரர் அம்மாதங்களில் பிரதான சாலையைவிட்டு இறங்காதிருக்கக் கடவர்.

கடலோரக் கிளை

அகஸ்தியம்பள்ளிக் கிளையில் ஒருமுறையேனும் செல்க என்று நாம் வற்புறுத்துவோம். கரியாப்பட்டினம், தோப்புத்துறை, வேதாரணியம் எனச் செல்லும் சிறு வண்டி அது. வயல் மெல்ல மறைந்து, மணலும் மாவும் தென்னையும் தோன்றி, முடிவில் வெள்ளை வெளேரென்று உப்பளம் கண்ணுக்கு எட்டும். வண்டி நிற்கும் அகஸ்தியம்பள்ளியிலேதான் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூண் உள்ளது. 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சியிலிருந்து இராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் கால்நடையாகப் புறப்பட்டனர். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 150 மைல் நடந்து 28-ஆம் நாள் வேதாரணியம் அடைந்தனர். 30-ஆம் நாள் உப்பெடுத்தனர். தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர் சிறைப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். அப்படியிருந்தும் வழிநெடுக மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிவைத்துவிட்டு மக்கள் மறைந்து நின்றார்கள் என்பர். வழிப்போக்கனுக்கு உணவிடுதல் குற்றமாகிய காலமும் இந்தச் சாலையில் இருந்தது.

கோடிக்கரைக்கு இப்போது இரயில் இல்லை. அகஸ்தியம்பள்ளியிலிருந்தோ வேதாரணியத்திலிருந்தோ பேருந்தில் அல்லது ஆட்டோவில் செல்ல வேண்டும். 1967-இல் அமைந்த வனவிலங்குப் புகலிடத்தில் வெளிமான்களையும், குளிர்காலமாயின் தொலைநாட்டுப் பறவைகளையும் காணலாம். இக்கிளையில் ஒரு நாளைக்கு ஓடும் வண்டிகள் மிகச் சிலவே. ஆதலால் திரும்பும் நேரத்தைக் கேட்டறிந்த பின்பே நிலையத்தைவிட்டு வெளியேறுக. தவறினால் பேருந்தே கதி. வேதாரணியம் பகுதி நோயாளிகள் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதும் இவ்வழியேதான். 2010-இல் அக்கல்லூரி தொடங்கப்பட்டதிலிருந்து அவர்கள் தஞ்சை வரை செல்ல வேண்டிய துன்பம் குறைந்தது. ஆயினும் காலையில் மருத்துவரைப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்ப ஏதுவாக வண்டி நேரங்கள் பொருந்தவேண்டும் என்பது, சுற்றுலா வருவோர் கேட்கும் வசதியினும் முன்னதாகக் கேட்கப்படவேண்டிய வசதி.

முத்துப்பேட்டைக்கு இரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. அங்கிருந்து ஜாம்புவானோடை சென்றால் அலையாத்திக் காட்டையும் காயலையும் படகில் காணலாம். வனத்துறையின் அனுமதி வேண்டும். அவ்வூர் தர்காவுக்குச் சாதி மத வேறுபாடின்றி மக்கள் வருவர். மற்றொரு திசையில், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரங்கம் என்னும் சிற்றூர் உழவர் நடுவே புகழ் பெற்றது. 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன், நூற்றுக்கு மேற்பட்ட மரபு நெல்வகைகளை மீட்டு நெல் திருவிழா நடத்திய ஊர் அது. இரண்டு கிலோ விதை பெற்றுச் செல்பவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது அங்கு வழங்கிய முறை. தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்து மஞ்சட்பையில் விதைநெல்லோடு உழவர்கள் இந்த ஊர்ப் பேருந்துகளில் ஏறி இறங்கினார்கள்.

அன்னையை நாடிச் செல்லும் சாலை

நிற்க. நம் வாசகர்களில் மிகப் பலர் திருத்துறைப்பூண்டியை மிதிப்பது வேளாங்கண்ணியை முன்னிட்டே. 1962-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானால் பேராலயமாக உயர்த்தப்பட்ட புனித ஆரோக்கிய அன்னையின் ஆலயத்திற்கு இங்கிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுத்துக்கொள்ளும். இரயிலில் செல்வதாயின் திருவாரூர், நாகை என வளைந்து, 2010-இல் திறக்கப்பட்ட நாகை வேளாங்கண்ணிப் பாதையைப் பிடிக்க வேண்டும். முதியோரும் நோயுற்றோரும் உடனிருந்தால் இரயில் நன்று. கழிவறை வசதி ஒன்றே போதும் அதைத் தேர்வதற்கு. மற்றவர்க்குப் பேருந்தே விரைவு.

ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றம். செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா. இந்நாள்களில் சிறப்புப் பேருந்துகளும் சிறப்பு இரயில்களும் விடப்படுகின்றன. 7-ஆம் நாள் மாலைப் பெரிய தேர்பவனி முடிந்ததும், 8-ஆம் நாள் திருப்பலிக்குப் பின்பும் திரும்பும் கூட்டம் சொல்லுந்தரமன்று. கைக்குழந்தை உள்ள குடும்பங்கள் நவநாள்களின் நடுப்பகுதியில், கிழமை நாளொன்றில் சென்று வருவதையே நாம் விரும்புவோம். அன்னையின் முன் மண்டியிடுவதற்கு நெரிசலும் ஓர் இன்றியமையாத சடங்கு என்று எவரும் விதிக்கவில்லை.

ஆனால் இச்சாலையில் பெரும்பொறுப்போடு எண்ண வேண்டியவர்கள் கால்நடையாக வரும் திருயாத்திரிகர்கள். காரைக்குடி, அறந்தாங்கி, பட்டுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து காவியுடுத்து, செபமாலை சொல்லி, சிறு தேரொன்றைத் தள்ளிக்கொண்டு வருவோர்க்குத் திருத்துறைப்பூண்டிதான் வேளாங்கண்ணிக்கு முன் வரும் கடைசிப் பெருநகர். பட்டுக்கோட்டையிலிருந்து சுமார் 50 கி.மீ. நடந்து இங்கு வந்து சேரும்போது கால் வெடித்திருக்கும், உறக்கம் குறைந்திருக்கும், 'இன்னும் நாற்பதுதானே' என்ற உற்சாகம் மட்டும் கூடியிருக்கும். ஆபத்து அந்த உற்சாகத்தில்தான் இருக்கிறது. பகல் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடக்கிறார்கள். அதே இரவில் சரக்குந்துகளும், விழாவுக்கு விரையும் வேன்களும் அதே சாலையில் ஓடுகின்றன. வேன் ஓட்டுநரும் பல வேளைகளில் முந்தின இரவு உறங்காதவரே. இரு தரப்பிலும் களைப்பு. நடுவே வெளிச்சமில்லாச் சாலை.

எனவே பங்குகளிலிருந்து குழுக்களை அனுப்புவோரிடம் சில சொல்ல வேண்டியுள்ளது. சாலையின் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடப்பதே காப்பு. பின்னாலிருந்து வரும் வண்டியைக் காணக் காதுக்குக் கண்ணில்லை. காவித்துணி இருட்டில் தெரியாது. ஒளி மின்னும் பட்டைகளை முதுகிலும் கையிலும் தேரின் பின்புறத்திலும் ஒட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு வேளைத் தேநீர்ச் செலவே. குழுவின் முன்னும் பின்னும் விளக்கேந்திய இளைஞர் ஒருவர் வீதம் வேண்டும். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தை உறக்கத்துக்கு ஒதுக்கி, அதிகாலையிலும் மாலையிலும் நடக்கலாம். சாலையோரத்தில் தலை சாய்த்தல் கூடவே கூடாது. கோயில் வளாகம், பள்ளித் திண்ணை, மண்டபம் எதுவாயினும் சாலையைவிட்டு உள்ளே இருக்கட்டும். செபமாலையை ஒலிபெருக்கியில் சொல்வோர் ஒலியைச் சிறிது குறைத்தால் பின்னால் வரும் வண்டியின் ஒலி கேட்கும்.

இன்னொன்றும் உண்டு. நேர்ச்சை நடந்து முடிப்பதற்கென்றே வந்தவர்களுள், திருத்துறைப்பூண்டிக்கு வருமுன் சர்க்கரை நோயாளி ஒருவரின் பாதம் புண்ணாகிவிடுகிறது. அல்லது கருவுற்ற பெண்ணொருத்திக்கு மயக்கம் வருகிறது. அவர்களைப் பேருந்தில் ஏற்றிவிட உடன்வந்தோர் தயங்குகின்றனர். ஏற அவர்களும் வெட்குகின்றனர். நேர்ச்சை குறைபட்டுவிடுமோ என்ற அச்சம். குருவானவர் ஒருவரிடம் கேட்டால், நேர்ச்சையை மாற்றிக்கொடுக்கவும் அதினின்று விடுவிக்கவும் திருச்சபையில் வழி உண்டு என்பதை அவரே சொல்லுவார். குழுத் தலைவர்கள் புறப்படும் நாளிலேயே இதனைப் பங்குத் தந்தையின் வாயால் அனைவர்க்கும் சொல்லச் செய்தல் வேண்டும். வெட்கமின்றி ஏறும் ஓர் ஆள், இங்கிருந்து பேருந்து பிடித்தால் ஒன்றேகால் மணியில் அன்னையின் ஆலய வாசலில் அமர்ந்து மற்றவர்க்காகக் காத்திருக்கலாம்.

திருக்குவளை வழியாக வேளாங்கண்ணியையும் திருத்துறைப்பூண்டியையும் நேரே இணைக்கும் புதிய இருப்புப்பாதை ஒன்று திட்டமிடப்பட்டு ஆண்டுகள் பல ஆயின, பணி முடிந்தபாடில்லை. அது முடியும் நாளில் திருவாரூர், நாகை எனச் சுற்றவேண்டியிராது. தென்மாவட்டத்து வண்டிகள் திருத்துறைப்பூண்டியிலிருந்தே கிழக்கே திரும்பிவிடும். அதுவரை இங்கே இறங்கிப் பேருந்து மாறுவோர், நிலையத்தில் வண்டி வந்து நின்றதும் ஓடாமல், முதலில் வேளாங்கண்ணிக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நேரக் காப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்க.